தனியாகப் பார்ப்பவர்கள்

‘நெடுஞ்சுற்று’ தொடர் வெளிவர இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அதன் ரசிகர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்து, சிரித்து, அழுது, திட்டி முடித்துவிட்டிருந்தார்கள். அது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் விசேஷம்.

பார்த்தது அவர்களுடைய நிழல்கள். தொடர் எடுத்து ஒளிபரப்பும் ‘கார்முகில்’ கம்பெனியின் இணைப்பு வாங்கும்போது, சந்தாவில் பாதி தள்ளுபடி வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆமாம் என்று தட்டியவர்கள் வீட்டு டிவியின் நெற்றியில் பச்சையாக ஒரு பொட்டு விளக்கு எரியும். ஆள் எங்கே சிரிக்கிறார், எங்கே கொட்டாவி விடுகிறார், எங்கே டிவியைப் பார்த்துத் திட்டுகிறார் என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். சில வருஷம் அப்படிக் கவனித்தால் போதும், கணினிக்குள் அந்த ஆளைப் போலவே ஒரு நிழல் தயாராகிவிடும். புதுத் தொடரை முதலில் நிழலுக்குப் போட்டுக் காட்டுவார்கள். நிழல் கொட்டாவி விட்ட இடத்தில் கத்தரி விழும்.

அந்த விளக்கு ஒரு விஷயத்தில் மட்டும் கறார். டிவி முன்னால் ஒரே ஒரு ஆள் இருந்தால்தான் எரியும். இரண்டாவது முகம் வந்து உட்கார்ந்ததும் அணைந்துவிடும். யார் சிரித்தது, யார் இருமியது என்று பிரித்தெடுப்பது கணினிக்குத் தலைவலி என்பதால் ஆரம்பத்திலேயே போட்ட விதி. வீட்டுக்கு மூன்று டிவி என்று ஆகிவிட்ட காலத்தில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

நவீனா கார்முகிலின் கோவை அலுவலகத்தில் நிழல் பிரிவுக்குப் பொறுப்பு. அன்றைக்குக் காலையில் அவளுடைய மேலதிகாரி செல்வின் ஒரு காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு நிமிஷம் ஒரு ஆளு உக்காந்து தைக்கிறாரு, நவீனா. வசனம் இல்ல, பாட்டு இல்ல. பின்னால ஒரு கிரகம் சுத்துது, அவ்வளவுதான். ரசிகருங்க நம்மளத் தைச்சிடுவாங்க. எடுத்துடலாமா?”

தொடரின் கதை, சனிக்கிரகத்தைச் சுற்றிவரும் ஒரு குடியிருப்பில் நடக்கிறது. அங்கே துணிக்குப் பஞ்சம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு விண்ணுடைதான். பள்ளிக்கூடப் பாவாடைக்கு நம் வீடுகளில் செய்வதுபோல, அதைப் பெரிதாகத் தைத்து உள்ளே மடிப்பு வைத்திருப்பார்கள். பிள்ளை வளர வளர, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு மடிப்பைப் பிரித்து விடுவார்கள். தளபதி ஆதனின் மகன் நோயில் இறந்துபோகிறான். அடுத்த பிறந்தநாள் வருகிறது. ஆதன் அந்தச் சின்ன உடையை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறான். ஒரு மடிப்பைப் பிரிக்கிறான். ஓரம் அடிக்கிறான். மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகிறான்.

நவீனா அந்தக் காட்சியை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. அவளுக்கு அதற்குக் காரணம் இருந்தது.

“நிழல் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வர்றனுங்க சார்,” என்றாள்.

நிழல்கள் அழுதிருந்தன. லேசாகக் கண் கலங்கியதெல்லாம் இல்லை, விக்கி விக்கி அழுதிருந்தன. முரட்டுச் சண்டைத் தொடராகப் பார்க்கிற கல்லூரிப் பையன்களின் நிழல்கள், எதற்கும் அசையாத ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களின் நிழல்கள், எல்லாமே. நவீனா ஆச்சரியத்தோடு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். நிழல்களுக்குப் பெயரோ முகமோ குரலோ கிடையாது; எண்ணும் ஒரு கறுப்பு உருவமும்தான், பேச்சு எழுத்தாக ஓடும். தெரிந்தவர்களுடையதைத் தேடக் கூடாது என்பது அலுவலகத்தில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விஷயம். அவள் தேடவும் இல்லை. ஆனால் ஒரு நிழல் முதல் பகுதியிலேயே இப்படிச் சொல்லியிருந்தது:

“காத்தே இல்லாத எடத்துல இஞ்சின் சத்தம் எப்படீங்க கேக்கும்?”

கொஞ்சம் தள்ளி: “அத்தன ஒசரத்துக்குத் தண்ணி ஏத்த இந்தப் பம்பு பத்தாதுங்க. ஏமாத்தறீங்க.”

டிவியைப் பார்த்து ‘ங்க’ போட்டுப் பேசுகிற ஒரே ஆள் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து பரணிதரன்தான். அவளுடைய கணவன்.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. தையல் காட்சி வரும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நிழலின் தோள் குலுங்கியது. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டது. “அம்மிணி,” என்றது. “அப்பன் இங்கியேதான் சாமி இருக்கறேன். எங்கியும் போகலை சாமி.”

நவீனா திரையை அணைத்துவிட்டு, கைகழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள்.

மகளை அம்மிணி என்று அவன் ஒருவன்தான் கூப்பிடுவான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் அமுதினி. அப்பனும் மகளும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து விண்வெளித் தொடர்களாகப் பார்த்துத் தள்ளுவார்கள். ‘சாப்பிட வாங்க’ என்று நவீனா கத்தினால், ‘கிரகம் வெடிக்கப் போகுது, கொஞ்சம் பொறு’ என்று இரண்டு குரல் சேர்ந்து வரும். இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு காய்ச்சல் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. மூன்று வருஷம் ஆகிறது.

பரணி அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, மயானத்தில் அழவில்லை. அது கூடப் பரவாயில்லை. எடுத்துவிட்டு வந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள் குளிக்கக் காத்திருந்தபோது, “மோட்டார் தண்ணி இழுக்கலை, பாத்துட்டு வர்றேன்,” என்று வீட்டின் பின்னால் இருந்த மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பம்பு கம்பெனியில் வேலை செய்கிறவன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாத்திய நிமிஷத்திலிருந்து சாயங்காலம் முழுக்க மோட்டார் நிற்காமல் ஓடியது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, சன்ஷேடில் இறங்கி, வாசல் பந்தலில் கொட்டியது. நவீனாவின் பெரியம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். “புள்ளயக் குடுத்துட்டு வந்த வீட்டுல மோட்டார் முக்கியமாப் போச்சா? என்ன மனுசன்டி இவன்?” அவன் வெளியே வந்தபோது கையெல்லாம் கிரீஸ். முகம் கழுவியிருந்தான். “வாஷர் போயிருச்சு, மாத்திட்டேன்,” என்றான்.

அந்த வாஷரை நவீனாவால் மன்னிக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய அழுகையெல்லாம் அவள் ஒருத்தியுடையதாகவே இருந்தது. துக்கத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது? போன மாதம் சென்னை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டாள். கிடைத்தது. “நான் மட்டும் போறேனுங்க. திரும்பி வர்றதா இல்லை,” என்று அவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “சரி,” என்றான். கொஞ்சம் கழித்து, “உன் பெட்டிக்குச் சக்கரம் ஒடஞ்சிருக்கு. புதுசு வாங்கித் தர்றேன்,” என்றான். வாங்கியும் வந்துவிட்டான். நீலப் பெட்டி, படுக்கையறை மூலையில் நின்றது.

அந்த மனுஷனுடைய நிழல்தான் இப்போது அம்மிணி என்று அழுகிறது.

நவீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வினின் அறைக்குப் போனாள்.

“காட்சி இருக்கட்டுமுங்க சார். நிழலுங்க அழுதிருக்கு.”

“ஒருத்தர் ரெண்டு பேர் அழுததுக்கா?”

“அத்தன பேரும் அழுதிருக்காங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்லீங்க.”

“இந்த முதல் நாளுக்குப் பெரிய திரையெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கோம். ஊருக்கு ஊரு கொட்டகையில போடுறோம். சொதப்புச்சுன்னா உங்க பேரச் சொல்லிடுவேன்.”

“சொல்லிக்கங்க.”

அவர் சிரித்தார். காட்சி தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியீடு. அலுவலகத்தில் எல்லாரும் காந்திபுரம் பக்கத்துக் கொட்டகைக்குக் கிளம்பினார்கள். அங்கே தளபதி ஆதனுக்கு ஆள் உயரக் கட்டவுட்; அதற்கு மாலை; வாசலில் மேளம். வெள்ளிக் காகிதத்தில் விண்ணுடை தைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கும் படம் கைபேசியில் வந்தது. நவீனா தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் தங்கிவிட்டாள். அவளுடைய திட்டம் வேறு.

பரணி கூடத்தில் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டிவியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நவீனா போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அங்கே வந்து உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

“கொட்டகைக்குப் போகலியா?”

“இங்கியே பாக்கறனே.”

“பாரு,” என்று சொல்லிவிட்டு மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்த இடம் வரும், அவன் உடைவான், தான் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அவள் நினைத்து வைத்திருந்தது. அதற்குப் பிறகு சென்னையாவது, நீலப் பெட்டியாவது. மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒன்று இன்றைக்குத் திறந்துவிடும் என்று நம்பினாள்.

முதல் பகுதியில் இஞ்சின் உறுமியபோது அவன் வாய் திறக்கவில்லை. பம்பைக் காட்டியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஆதன் சின்ன உடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். மடிப்பைப் பிரித்தான். ஊசி ஏறி இறங்கியது. நவீனாவுக்குக் கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது; துடைத்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் பார்த்தாள்.

பரணியின் முகம் காய்ந்த சுவர் மாதிரி இருந்தது. கண் திரையில் இருந்தது. கை நாற்காலியின் பிடியில் இருந்தது. அவள் பார்ப்பதை உணர்ந்து திரும்பினான். அவளுடைய கண்ணீரைப் பார்த்தான்.

“டீ போடட்டுமா?” என்றான்.

அவ்வளவுதான். நிழல் அழுததாம். கணினி கட்டிவிட்ட கதையை நம்பி ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல் கல்தான். நாளைக்கே கிளம்பிவிடலாம்.

மடியில் கிடந்த கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். ‘விண்வெளியில தையல் கடை திறந்தாச்சு, ஜாக்கெட் ஓரம் அடிக்க அணுகவும்.’ ‘அண்ணே, என் பேண்ட் ஜிப்பும் போயிருச்சு, அப்படியே முடிச்சுக் குடுங்க.’ ‘முதல் பகுதி செம, ரெண்டாவது இழுவை. கத்தரி எடுக்க வேண்டிய ஆளு ஊசி எடுத்துட்டாரு.’ கொட்டகைக்குள் எடுத்த வீடியோ ஒன்று வந்தது. ஆதன் மகனுடைய உடையைத் தைத்துக்கொண்டிருக்க, கொட்டகையே கைதட்டித் தாளம் போட்டு விசிலடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக் காகித உடைக்காரன் நாற்காலிமேல் ஏறி நின்று தைப்பதுபோல் ஆடினான்.

பிறகு செல்வின் கூப்பிட்டார்.

“போய்ப் பேசிட்டு வா. நான் நிறுத்தி வெக்கறேன்,” என்றான் பரணி.

நவீனா சமையலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு பேசினாள்.

“கேக்குதா?” என்றார் செல்வின். அவருக்குப் பின்னால் விசில் சத்தம். “மதுரையிலயும் இதே கூத்து. திருச்சியில செருப்பு பறக்குதாம். உங்க நிழல் எல்லாம் அழுதுச்சுன்னீங்க? வீட்டுல பாக்குறவங்களும் சிரிக்கிறாங்கம்மா. என் வீட்டுலயே சொந்தக்காரங்க எல்லாம் கூடி உக்காந்து பாத்து, சிரிச்சு உருண்டாங்களாம். நிழல் பழுதாயிடுச்சா?”

நவீனா பதில் சொல்ல வாயெடுத்தாள். ‘எல்லாம் கூடி உக்காந்து’ என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

“சார், நிழலுக்கு நாம எப்பப் பாடம் எடுத்தோமுங்க?”

“என்ன கேள்வி? வருஷக்கணக்கா எடுக்குறோம்.”

“இல்லீங்க. எப்ப விளக்கு எரியும்?”

“ஒரு ஆளா இருக்கும்போது.” சொன்னவர் நிறுத்தினார்.

“ஒரு ஆளா இருக்கறப்ப மட்டுமுங்க. நாம யாரையுமே பக்கத்துல ஆளோட பாத்ததில்லை சார். நிழல் பழுதாகலை. அத்தன பேரும் அழுகறவங்கதான். தனியா இருந்தா அழுவாங்க. பக்கத்துல ஆள் இருந்தா விசிலடிப்பாங்க.”

கொட்டகைச் சத்தம் குறைந்தது. செல்வின் வெளியே வந்துவிட்டார் போலிருந்தது.

“அப்படின்னா இத்தன வருஷமா நாம எடுத்த தொடர் எல்லாம்…”

“தனியா உக்காந்து பாக்கறவங்களுக்குன்னே வெட்டி ஒட்டினதுங்க. சேந்து பாத்தா சப்புன்னு இருக்கும். அதனால ஆளுக்கொரு ரூமுக்குப் போனாங்க. போனதும் நமக்கு விளக்கு எரிஞ்சுது.”

“என் வீட்டுக்காரி ரொம்ப நாளா வேற ரூம்லதான் பாக்குறா,” என்றார். அதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்ன மாதிரி இல்லை. “சரி, காலையில வாங்க. பேசுவோம்,” என்று வைத்துவிட்டார்.

நவீனா கைபேசியை இறக்கினாள். கூடத்திலிருந்து தொடரின் சத்தம் கேட்டது. நிறுத்தி வைக்கிறேன் என்றானே? ஒருக்களித்த கதவிடுக்கில் பார்த்தாள். டிவியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஆதன் மறுபடியும் அந்த உடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தான். பரணி காட்சியைப் பின்னால் தள்ளி, முதலிலிருந்து போட்டிருக்கிறான்.

அவன் முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது. வாயில் துண்டைத் திணித்து அழுத்திக்கொண்டிருந்தான். அதையும் மீறி ஒரு சத்தம் வந்தது. உடனே சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்து, மூச்சை நிறுத்தி, அவள் வருகிறாளா என்று கவனித்தான். பிறகு மறுபடி குனிந்தான்.

நவீனாவின் கை கதவின்மேல் இருந்தது. தள்ளினால் நாலு எட்டு. போய் அந்தத் தலையை மார்போடு சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதுதானே? ஆனால் அவள் காலடி கேட்டதும் அந்தத் துண்டு முகத்தைத் துடைத்துவிடும். ‘டீ போடட்டுமா’ என்று அவன் கேட்பான்.

அப்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வராத கேள்வி. அன்றைக்கு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், தொட்டி எப்படி நிரம்பி வழிந்தது?

பழுதே இல்லை. வாஷரும் இல்லை, ஒன்றும் இல்லை. வீடு நிறைய ஆட்கள். ஒரு ஆண் உட்கார்ந்து கதறுவதற்கு ஒரு மூலை இல்லை. உள்ளதிலேயே அதிகச் சத்தம் போடுகிற பொருளைத் தேடிப் போய், அதை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் முழுக்க. பெரியம்மா திட்டியதற்கும் வாய் திறக்கவில்லை. அவன் கையில் கிரீஸைப் பூசிக்கொண்டு வந்ததைப் பார்த்து, இவள் அவனை மூன்று வருஷம் வெறுத்திருக்கிறாள்.

நவீனா சத்தமில்லாமல் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் பார்க்கக் கூடாததை அது கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை அந்த நிழல் இன்னும் நன்றாக அழக் கற்றிருக்கும். விருப்பப்பட்டால் அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவன் அழுவதை அவள் பார்க்க உலகத்தில் இருந்த ஒரே வழி அதுதான். அவள் கைபேசியில் கார்முகில் இணைப்பைத் திறந்தாள். இணைப்பு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. இந்த வீட்டின் நிழல்களை அழித்து, கவனிப்பதையும் நிறுத்திவிடவா என்று கேட்டது. அழித்தால் மீட்க முடியாது என்றது. அவள் ஆமாம் என்று தட்டினாள். கூடத்தில் விளக்கு அணைந்தது. பரணி அதைக் கவனிக்கவில்லை.

பிறகு பின்கட்டுச் சுவருக்குப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். தொட்டி காலையிலேயே நிரம்பியாயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

பழைய மோட்டார் ஒரு முறை செருமிவிட்டு, கடகடவென்று எடுத்தது. வீடே அதிர்ந்தது. கூடத்தில் ஒரு கணம் ஒன்றுமில்லை. யார் போட்டது என்று அவன் புரிந்துகொண்டானோ என்னவோ. அதற்குப் பிறகு, மோட்டார் சத்தத்துக்கு அடியில், அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல் எழுந்தது. அவன் வாய்விட்டு அழுதான். நவீனா சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் அவளும் அழுதாள். நடுவில் ஒரு கதவு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கொஞ்ச நேரத்தில் தொட்டி வழிந்து, சன்ஷேடில் இறங்கி, முற்றத்தில் கொட்ட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ராஜாமணியக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“நவீனா, டேங்க் ரொம்பி ஊத்துது பாரு. மோட்டாரை நிறுத்தலியா?”

நவீனா எழுந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பின்வாசலுக்கு வந்தாள்.

“தெரியுமுங்க்கா,” என்றாள். “ஊத்தட்டும்.”